கவிதை எழுதும் நண்பர்களைப் பற்றி நாவல் எழுதப் போகிறீர்களா?

கவிதையால் ஒன்றுசேர்ந்த நாலு நண்பர்கள், நடுவில் ஒரு ரகசியம், பாதிக்கு மேல் மனசுக்குள்ளேயே நடக்கும் கதை. இப்படி ஒரு நாவலை யோசிக்கிறவர்கள் முதலில் ரகசியத்தைப் பெரிதாக்கப் பார்ப்பார்கள். ஒரு கொலை, ஒரு தற்கொலை, இல்லாவிட்டால் ஒருவன் கவிதையை இன்னொருவன் திருடியது. வேண்டாம். வாசகர் அதைத் துப்புத் துலக்குவதிலேயே இருநூறு பக்கத்தையும் தள்ளிவிடுவார், ஆட்களை ஏறிட்டும் பார்க்கமாட்டார். வெளியே சொன்னால் கூச்சமாக இருக்கிற, சில்லறையான ஒரு விஷயத்தை எடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு சிற்றிதழை வைத்துக்கொள்வோம். 1959இல் ‘எழுத்து’, 1970இல் சென்னையில் ‘கசடதபற’, 1971இல் கோவையில் ‘வானம்பாடி’ என்று சிற்றிதழ்கள் வந்த பிறகு, கவிதை எழுதுகிற நாலு பேர் கூடினால் அடுத்த பேச்சு பத்திரிகை தொடங்குவதைப் பற்றித்தான் இருக்கும். 32 பக்கம், காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் இயந்திரம் உள்ள அச்சகம், மணியார்டரில் வரும் சந்தா. அந்தச் சந்தாவில் கொஞ்சத்தை நால்வரில் ஒருவன் தங்கை கல்யாணத்துக்கு எடுத்துவிடுகிறான், அச்சகத்தில்தான் தாமதம் என்று சொல்லிவைக்கிறான். மற்ற மூன்று பேருக்கும் விஷயம் தெரியும். ஆனால் கேட்டால் இதழ் நின்றுபோகும், அடுத்த இதழில் மூவருடைய கவிதையும் வரவேண்டியிருக்கிறது. எடுத்தவனை விட்டுவிடுங்கள், இந்த மூன்று பேர் வாயை மூடிக்கொண்டிருப்பதில்தான் உங்கள் நாவல் இருக்கிறது.

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். ஒவ்வொருவனுக்கும் என்ன தெரியும், மற்றவர்களுக்கு என்ன தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், இரண்டையும் எழுதுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரு கட்டமாவது மாறவேண்டும். எதுவும் மாறாத அத்தியாயம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் எடுத்துவிடலாம்.

அப்புறம் கவிதை. இந்த மாதிரி நாவல்களில் கவிதையைச் சும்மா மேற்கோளாகத் தூவிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கதையை நகர்த்துவதே கவிதையாக இருக்கவேண்டும். அகப்பாட்டில், அதாவது காதலைச் சொல்லும் பழம்பாட்டில், யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறதே, அது நாவலாசிரியருக்குக் கிடைத்த வரம். பெயர் இல்லாத கவிதையில் நால்வரும் தங்களைத் தேடுவார்கள்.

ஒரு காட்சியைப் பார்ப்போம். பிழை திருத்துவதற்கான புரூஃப் வந்திருக்கிறது, மை சரியாகக் காயவில்லை. அதிகம் பேசாதவன் எழுதிய கவிதையில் இரண்டு வரி: ‘கையெழுத்துப் போட்டு வாங்கிய நோட்டுகளை / எண்ணாமலே மடித்தான்.’ அன்றைக்குப் புரூஃப் திருத்துகிறவன் பணம் எடுத்தவனே. ‘மடித்தான்’ என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘மடித்தேன்’ என்று எழுதுகிறான். அச்சுக்கோப்பவருக்கு ஒரு நிமிஷ வேலை. ஒப்புக்கொள்கிறானா, எழுதியவன் தலையிலேயே பழியைத் தூக்கி வைக்கிறானா? இதழ் வந்ததும் எழுதியவன் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறான், எதுவும் கேட்கவில்லை. இந்த இடத்தில் ‘அவன் மனம் குழம்பியது’ என்று நீங்கள் ஒரு வரி சேர்த்தால் எல்லாம் போச்சு. அன்றைக்கு டீக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று எழுதுங்கள், அது போதும்.

ரகசியம் வெளியே வரும் இடத்துக்கும் நம்மிடமே வழி இருக்கிறது. அகப்பாட்டில் தலைவியின் காதலைத் தோழி அவளுடைய வளர்ப்புத் தாயான செவிலியிடம் சொல்வதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர், அதற்குத் தொல்காப்பியம் ஏழு வகை சொல்கிறது. தலைவனைத் தாழ்த்திச் சொல்லலாம், புகழ்ந்து சொல்லலாம், ஆசையைச் சொல்லலாம். உண்மையை அப்படியே சொல்லிவிடுவது ஏழாவதாகத்தான் வருகிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளையும் ஒரு தோழி இப்படிப் பேசும் பேச்சாகவே வைத்திருக்கிறார்; நாய், யானை, பூ, அருவி என்று சுற்றிச் சுற்றித்தான் விஷயத்துக்கு வருகிறாள். உங்கள் ஆட்களும் முதல் ஆறு வழியையும் முயன்று பார்க்கட்டும். பணம் எடுத்தவனை ஒருவன் அளவுக்கு மீறிப் புகழ்வான், இன்னொருவன் அவன் கவிதையைக் காரணமே இல்லாமல் கிழித்துத் தோரணம் கட்டுவான். நால்வரையும் ஒரே அறையில் உட்காரவைத்து அழுது தீர்க்கும் காட்சியை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

கதையை யார் சொல்வது? மூன்று பேரில் ஒருவன், அதுவும் தான் ரொம்ப நேர்மையானவன் என்று நம்புகிறவனாக இருந்தால் நல்லது. எடுத்தவன் சொன்னால் நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிடுவான், அப்புறம் அவன்மேல் பரிதாபப்படுவதைத் தவிர வாசகருக்கு வேலை இருக்காது.

நாவலுக்குள் வரும் கவிதைகளை நீங்களே எழுதுங்கள், சின்னதாக எழுதுங்கள். எல்லாம் பிரமாதமாக இருக்கவேண்டியதில்லை, இருபது வயதுக்காரர்கள் அப்படி எழுதுவதும் இல்லை. ஆனால் நாலு கையும் வேறு வேறாகத் தெரியவேண்டும்: ஒருவனுக்கு மரபு விட்டுப்போகவில்லை, ஒருவன் எதற்கெடுத்தாலும் புரட்சி என்பான், ஒருவனுக்கு மூன்று வரியில் முடிந்துவிடும். பெயரை மறைத்துவிட்டு நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எது யாருடையது என்று அவர் கண்டுபிடிக்கவில்லை என்றால் கவிதைகளைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள், உரைநடையைத் தொடவேண்டாம்.