ஹிட்லர் என்றால் ரியூசன் சேர் இல்லை: பிள்ளைகளுக்கு யூதப் படுகொலையை எப்படிச் சொல்வது

வெள்ளவத்தையில் எங்கள் மகளுக்கு ஹிட்லர் என்றால் கணக்கு ரியூசன் சேர். கொஞ்சம் கண்டிப்பானவர், அவ்வளவுதான். இதை வீட்டில்தான் சொல்லித் திருத்த வேண்டும்.

60 லட்சம் யூதர்கள் என்று எண்ணில் தொடங்காதீர்கள், பிள்ளைக்கு அது யூடியூப் வியூஸ் மாதிரிக் கேட்கும். பிணக்குவியல் படங்களும் வேண்டாம், நித்திரை கெடுவதுதான் மிச்சம். சின்னத் தடைகளில் தொடங்குங்கள். பெர்லினில் ஒரு பகுதியில் 1993 இல் விளக்குக் கம்பங்களில் 80 பலகைகள் மாட்டினார்கள், நாஜிக் காலத்தில் யூதர்கள் மேல் போட்ட சட்டங்கள் அதில் இருக்கின்றன. நான் செய்தது இதுதான்: மகளின் ஒரு நாளைத் தாளில் எழுதச் சொல்லி, தடைகளை ஒவ்வொன்றாக வாசித்து, போனதை வெட்டச் சொன்னேன். 1938 நவம்பரில் பள்ளிக்கூடம் போனது, சிரித்துக்கொண்டே வெட்டினாள். 1939 இல் ரேடியோ. 1940 இல் பெர்லினில் மாலை 4 முதல் 5 மணி வரை மட்டும்தான் சாப்பாட்டுச் சாமான் வாங்கலாம், "அது ரியூசன் நேரம்" என்றாள். 1942 இல் வீட்டுப் பிராணி வைத்திருக்கக்கூடாது. எங்கள் பூனையின் பெயரில் பேனை நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் கொடுக்கலாமே என்றாள், அதற்கும் விடவில்லை என்றேன்.

இனி எண்ணைச் சொல்லலாம். கொல்லப்பட்ட 60 லட்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் சிறுவர்கள்.

கோயிலிலும் சுவஸ்திகா இருக்கிறதே என்று கட்டாயம் கேட்பார்கள். நம்முடையது எவ்வளவோ பழையது, நாஜிகள் 1920 இல்தான் கட்சிக் கொடியில் போட்டார்கள் என்றால் போதும்.

டிக்டொக்கில் எல்லாம் கட்டுக்கதை என்று யாராவது சொல்லியிருந்தால் வாதாடி மினக்கெடாமல், யூதர்களை அழிப்பது பற்றி 1942 ஜனவரி 20 அன்று பெர்லினில் நடந்த வான்சே கூட்டத்தின் குறிப்பைத் தேடி எடுத்துக் காட்டுங்கள். நாஜி அதிகாரிகளே நாடு நாடாக யூதர்களின் தொகையைத் தட்டச்சடித்து 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல் என்று கூட்டி வைத்திருக்கிறார்கள், அவர்கள் பிடிக்காத இங்கிலாந்தையும் சேர்த்து.

அப்புறம், பட்டியல் என்றதும் வீட்டில் யாராவது ஒரு பெரியவர் 83 ஐ, இங்கே தமிழர்களைத் தேடித் தாக்கிய அந்த ஆடிக் கலவரத்தை, எடுப்பார். எங்கள் வீட்டில் அம்மம்மா, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேற்றடியில் வீட்டு இலக்கம் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இரண்டும் ஒன்றா என்று அங்கேயே ஒப்பிடப் போகாதீர்கள், இரண்டுமே விளங்காமல் போய்விடும். வான்சேயை மூடி வைத்துவிட்டு அம்மம்மாவைக் கதைக்க விடுங்கள், மிச்சத்தை அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.