பதினைந்து படங்களை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

என் அக்காவின் கல்யாண ஆல்பத்தில் அப்பா தனியாக இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் படம் கலங்கிப்போயிருக்கிறது, முகமே தெரியவில்லை. போட்டோகிராபரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அவர் காட்டிய பதினைந்து படங்களில் மயங்கி, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பதினைந்தும் அவர் எடுத்தவைதான், பொய் இல்லை. ஆனால் எல்லாமே திறந்த வெளியில், சாயங்கால வெயிலில், ஜோடியை நிறுத்திவைத்து எடுத்தவை. அங்கே பாதி வேலையை வெயிலே செய்துவிடும். கல்யாணம் மண்டபத்துக்குள் நடந்தால் கதை வேறு. வெளிச்சம் கம்மி. யாரும் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள், 'இன்னொரு தடவை அழுங்கள்' என்று யாரிடமும் கேட்கவும் முடியாது. மங்கலான இடத்தில் ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், 1/30 வினாடி என்று இருந்தால், தலையைத் திருப்புகிறவரின் முகம் கலங்கிவிடும். 1/125 அல்லது அதற்கும் வேகமாக வைக்க வேண்டும். அதற்கு எஃப் 1.8, எஃப் 2.8 என அகலமாகத் திறக்கும் லென்ஸ் வேண்டும், ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணரும் திறனைக் கூட்டத் தெரிய வேண்டும், பிளாஷை முகத்தில் அடிக்காமல் சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்ப வைக்கும் பழக்கம் வேண்டும். இதெல்லாம் இருக்கிறதா என்பதை வெயில் படங்கள் காட்டாது.

அதனால், பொறுக்கியெடுத்த படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பைக் கேளுங்கள். அந்த வீட்டாருக்கு அவர் கொடுத்த படங்கள் அத்தனையும், முதலிலிருந்து கடைசி வரை. அந்த வீட்டாரின் சம்மதத்தோடு இரண்டு மூன்று தொகுப்புகளைக் காட்டக்கூடியவர் கிடைத்தால் நல்லது.

பார்க்கும்போது மணமக்களை விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனியுங்கள். வண்ண விளக்குகளின் கீழே தோல் நிறம் இயல்பாக இருக்கிறதா, அல்லது கன்னம் ஊதாவாகவும் நெற்றி மஞ்சளாகவும் கிடக்கிறதா? எல்இடி விளக்குகள் இருந்த இடத்தில் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா? குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் தெளிவாக இருக்கிறார்களா, வைட் லென்ஸில் இழுபட்டு அகலமாகிவிட்டார்களா? முக்கியமாக, பெரியவர்களும் குழந்தைகளும் கேமராவைப் பார்க்காத நேரத்தில் எடுத்த படங்கள் எத்தனை? கேண்டிட் என்று சொல்லிவிட்டு ஜோடியைச் சிரிக்கவைத்து எடுத்தால் அது கேண்டிட் ஆகாது.

அடுத்த தவறு, யார் வருகிறார் என்று கேட்காமல் விடுவது. பேசுவது ஒருவர், வருவது இன்னொருவர் என்பது குழுவாக வேலை செய்யும் இடங்களில் சாதாரணமாக நடக்கும். அக்கா கல்யாணத்திலும் அதுதான் நடந்தது. வரப்போகிறவரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நீங்கள் பார்க்கும் தொகுப்பும் அவர் எடுத்ததாக இருக்கட்டும். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் யார் வருவார் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

கேமரா எந்த பிராண்டு, எத்தனை மெகாபிக்சல் என்று விசாரிப்பதில் பெரிய பலன் இல்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் பொதுவாக 6000 x 4000 பிக்சல் இருக்கும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 20 அங்குல அகலத்துக்கு அச்சடிக்கலாம், ஆல்பத்துக்கு அது தாராளம். கேட்க வேண்டியது வேறு. கையில் இரண்டு கேமராக்கள் உண்டா? ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவாகிறதா? நிகழ்ச்சி முடிந்ததும் எத்தனை பிரதி, எங்கெங்கே வைப்பார்? மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது பலரும் பின்பற்றும் முறை. 'கார்டு கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். அனுபவசாலி யோசிக்காமல் பதில் சொல்வார். 'அப்படியெல்லாம் ஆகாது' என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. எத்தனை மணி நேரம், எடிட் செய்த படங்கள் சுமார் எத்தனை, எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், ரத்தானால் அட்வான்ஸ் என்னாகும் என்பவை கட்டாயம் வேண்டும். படங்களை எந்த அளவில் தருவார் என்பதை மறந்துவிடாதீர்கள். நீளம் 2048 பிக்சல் மட்டுமே உள்ள படம் போன் திரையில் அழகாகத் தெரியும், ஆனால் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அதே கணக்கில் ஏழு அங்குலத்துக்கு மேல் அச்சடித்தால் தெளிவு குறையும். பதிப்புரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், உங்கள் படத்தை அவர் இணையத்தில் போடலாமா கூடாதா என்பதையும் எழுதிவிடுங்கள். ரா பைல்களுக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. அவை பதப்படுத்தாத கோப்புகள், அதற்கான மென்பொருளில் வேலை செய்யத் தெரியாதவருக்கு அதிகம் உதவாது.

நம் பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு. யார் யார் முக்கியம் என்பது போட்டோகிராபருக்கு எப்படித் தெரியும்? அப்பா யார் என்றுகூட அன்றைக்கு வந்தவரிடம் நாங்கள் யாரும் காட்டவில்லை. ஒரு சின்னப் பட்டியலும், கூடவே நின்று ஆளைக் காட்ட வீட்டுப் பிள்ளை ஒருவரும் இருந்தால் போதும்.

இதையெல்லாம் கேட்டுத்தான் பிறகு தம்பி கல்யாணத்துக்கு ஒருவரை ஏற்பாடு செய்தேன். நான் பட்டியலை எடுப்பதற்கு முன்பே அவர் கேட்டார்: "அப்பா எந்தப் பக்கம் நிற்பார்? அங்கே வெளிச்சம் எப்படி இருக்கும்னு முந்தின நாளே வந்து பார்த்துக்கிறேன்."