போனைப் பிடுங்கச் சொல்வதற்கு முன்: புதிய ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டியவை

போனில் கேமே கதியென்று கிடக்கும் பிள்ளைகளைப் பற்றி, பயிற்சிக்கு வரும் இளம் ஆலோசகர்கள் எழுதும் குறிப்புகளைப் படிக்கும்போது, கொரோனா காலத்தில் நான் செய்த தவறுகளே கண்ணில் படுகின்றன. எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

மணிக்கணக்கை மட்டும் எழுதுவது

நான்கு மணி நேர ஆன்லைன் வகுப்பையும் ஒரு மணி நேர கேமையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

எடுத்த எடுப்பில் போனைப் பிடுங்கச் சொல்வது

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில் ஒரு தாய் போனில் அழுதார். ஏழாம் வகுப்பு மகன் இரவு இரண்டு மணி வரை கேம் ஆடுகிறான். காலையில் கேமராவை அணைத்துவிட்டு வகுப்பிலேயே தூங்குகிறான். "பத்து நாள் போனையே கொடுக்காதீங்க, சரியாயிடும்" என்றேன். பையனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்காம் நாள் மறுபடி அழைத்தார். வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது, சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருக்கிறான் என்றார். அப்புறம்தான் அவனிடம் பேசினேன். அவனுடைய நண்பர்கள் நாலு பேர் வீட்டிலும் ஒரே போன். பகலில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் வந்து தூங்கிய பிறகுதான் பிள்ளைகள் கைக்குக் கிடைக்கும். ஹெட்செட்டில் பேசியதில் முக்கால்வாசி கேமைப் பற்றியே இல்லை. கொரோனாவில் இறந்த தாத்தாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாததை அந்த நாலு பேரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான். அந்த ஒரே பேச்சுத்துணையை நான் அறுத்துவிட்டேன்.

இன்றும் அதே அறிவுரையை யாராவது எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வருகிறது. யாரோடு ஆடுகிறான், ஏன் அந்த நேரத்தில், ஆடாவிட்டால் எதை இழப்பான் என்று முதலில் கேளுங்கள். பிறகு தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். அவன் அம்மா மற்ற அம்மாக்களிடம் பேசி, இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை எல்லா வீட்டிலும் போன் கிடைக்க வைத்தார். அவன் ஒழுங்காகத் தூங்க மூன்று வாரம் ஆனது.

'அடிமை' என்று எழுதிவிடுவது

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, கேமுக்கு அடிமை என்று சொல்ல வைத்திருக்கும் அளவு கடுமையானது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல், படிப்பும் உறவும் குலைந்து, அந்த நிலை பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பள்ளி மூடிய இரண்டாம் மாதத்தில் அந்தச் சொல்லை எழுத நமக்கு உரிமையில்லை.

பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது பேசுவது

பிள்ளை உண்மையைச் சொல்லாது.

'சாகணும் போல இருக்கு' என்பதை அடுத்த சந்திப்புக்குத் தள்ளுவது

அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14416 (மனநல உதவி எண்) இரண்டையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுங்கள்.