ஒரே நாளில் ஏதென்ஸ் இடிபாடுகள்: முதல்முறை போகும் மாணவர்களுக்கு

காலையில் மலை, மதியம் நிழல், மாலையில் சந்தை. ஏதென்ஸைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். நான் மாற்றிப் பார்த்தவன். ஜூலை மாத உச்சி வெயிலில் அக்ரோபோலிஸ் ஏறி, தண்ணீர்க் குழாய் எங்கே என்று தேடியதுதான் மிச்சம். வெயில் எல்லை மீறினால் நண்பகலில் மலையை மூடியும் விடுவார்கள்.

படி 1: முந்தின நாள் இரவு

டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். அக்ரோபோலிஸுக்கு நுழைவு நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். காலையின் முதல் நேரமே நல்லது. மாணவர் சலுகை உங்கள் வயதையும் நாட்டையும் பொறுத்தது என்பதால் கல்லூரி அட்டை, பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்து வையுங்கள். பெரிய முதுகுப்பை வேண்டாம். செருப்பும் வேண்டாம், மேலே இருக்கும் பளிங்கு, ஆட்கள் மிதித்து மிதித்தே சோப்புப் போட்டதுபோல வழுக்கும்.

படி 2: மலை ஏறுங்கள்

அக்ரோபோலி மெட்ரோ நிலையத்தில் இறங்கித் தென்கிழக்கு வாசலுக்குப் போங்கள். மேற்கு வாசலில்தான் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம். போகிற வழியிலேயே டயோனிசஸ் நாடக அரங்கு வந்துவிடும்.

மேலே போனதும் எல்லோரும் பார்த்தெனான் கோயிலை முகப்பில் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் ஒரு மூலைக்குப் போய், அடிப்படியின் விளிம்போடு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். சுமார் 70 மீட்டர் நீளத்துக்கு ஓடும் அந்தக் கோடு நேராக இருக்காது. நடுவில் சுமார் 11 செ.மீ. மேலெழும்பி, மறுமுனையில் இறங்கும். கல் தொய்ந்துபோனதால் வந்ததல்ல, கி.மு. 447இல் வேலையைத் தொடங்கிய சிற்பிகள் வேண்டுமென்றே வைத்த வளைவு. தூண்களும் இடையில் லேசாகப் புடைத்திருக்கும். இதைப் பார்த்துவிட்டால் மற்ற கட்டடங்கள் எல்லாம் கொஞ்சம் அட்டைப்பெட்டியாகத் தெரியும்.

நடுப்பகுதி ஏன் இவ்வளவு சிதைந்திருக்கிறது என்று கேட்பீர்கள். 1687 வரை ஓரளவு முழுசாகத்தான் இருந்தது. உள்ளே, அப்போது ஊரை ஆண்ட ஒட்டோமான் துருக்கியர்கள் வெடிமருந்து வைத்திருந்தார்கள்; வெனிஸ் படை வீசிய குண்டு அதன்மேல் விழுந்தது.

பக்கத்து எரெக்தியான் கோயிலில் கூரையைத் தாங்கும் ஆறு பெண் சிலைகளும் நகல்கள். அசலைப் பார்க்க மலையடிக்கு வாருங்கள்.

படி 3: வெயில் நேரத்தில் அருங்காட்சியகம்

2009இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் மலையடியிலேயே இருக்கிறது. ஏசியும் உண்டு. அந்த ஆறு பேரில் ஐந்து பேர் இங்கே, ஆறாவது லண்டனில். மேல்தளத்தில் பார்த்தெனானின் பழுப்பேறிய பளிங்குச் சிற்பங்களுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று சில துண்டுகள் தெரிந்தால், அவை சுண்ண வார்ப்புகள். அவற்றில் பெரும்பாலானவற்றின் அசலும் லண்டனில்தான். சாப்பாட்டை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அகோராவில் நேரத்தைக் கொட்டுங்கள்

பழைய சந்தைத் திடல். முதல் பார்வைக்கு வெறும் கல்லும் புல்லும்தான், அதனால் பலர் அரைமணியில் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நாளின் மிக நல்ல இடம் இதுதான். மேட்டில் நிற்கும் ஹெஃபைஸ்டஸ் கோயில், பார்த்தெனானைவிட எவ்வளவோ முழுசு. அதைச் சுற்றிவிட்டு, எதிரே 1950களில் திருப்பிக் கட்டிய அட்டாலஸ் தூண் மண்டபத்துக்குள் போங்கள்.

அங்கே கண்ணாடிப் பெட்டியில் பெயர் கீறிய பானை ஓடுகள் இருக்கின்றன. ஏதென்ஸ்காரர்கள் நிஜமாகவே ஓட்டில் ஓட்டுப் போட்டவர்கள்! ஆபத்தானவர் என்று தோன்றும் தலைவரின் பெயரைக் கீறிப் போடுவார்கள். மாட்டிக்கொண்டவர் 10 வருடம் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். பாரசீகர்களுக்கு எதிரான சலாமிஸ் கடற்போரை வென்று கொடுத்த தெமிஸ்டோக்ளிஸுக்கும் அதே கதிதான். அவர் பெயர் கீறிய 190 ஓடுகள் ஒரு கிணற்றில் மொத்தமாகக் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தானாம். அதாவது, ஓட்டுப் போட வருபவர்களிடம் நீட்ட முன்கூட்டியே தயார் செய்த சரக்காக இருக்கலாம். அதே மண்டபத்தில் குழந்தையை உட்கார வைக்கும் களிமண் கழிப்பு நாற்காலியும் உண்டு, தவறவிடாதீர்கள்.

படி 5: சூரியன் இறங்கும்போது

அகோராவிலிருந்து மேலேறினால் அரியோபகஸ் பாறை. டிக்கெட் கிடையாது. பாறையில் வெட்டிய பழைய படிகள் அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும் இரும்புப் படியில் ஏறுங்கள். இறங்கும்போது இருட்டிவிடும், டார்ச்சுக்கு ஃபோனில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் வையுங்கள்.