ஓட்ஸும் கல்லுப்பும் கொண்டு ஒரு கணினி

ஃபைசேரம் என்ற மஞ்சள் சளிப்பூஞ்சைக்கு மூளையே கிடையாது. ஆனாலும் வழி கண்டுபிடிக்கும். 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர் தோஷியுகி நககாகி உள்ளிட்ட குழு, ஒரு தட்டை வரைபடமாகக் கொண்டு, டோக்கியோ வட்டார ஊர்களின் இடத்தில் ஓட்ஸ் வைத்தது. பூஞ்சை பின்னிய வலை அங்குள்ள ரயில் பாதையை ஒத்திருந்தது. எனக்கு இதைவிட அழகான கணினி தெரியாது.

நீங்களும் செய்து பார்க்கலாம். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லிப் பொடி) காய்ச்சித் தட்டில் ஊற்றுங்கள். சர்க்கரை எதுவும் வேண்டாம், பசித்தால்தான் தேடும். ஆறியதும் ஊர்களுக்கு ஓட்ஸ், நடுவில் பூஞ்சை. தட்டை மூடி இருட்டில் வையுங்கள், வெளிச்சம் அதற்கு ஆகாது.

பூஞ்சையின் வழியில் தடை வைக்கக் கல்லுப்பு. இங்கேதான் கவனம் வேண்டும்: உப்பு கரைந்து அகாரில் பரவிக்கொண்டே போகும், தடையும் அகலமாகும். அதனால் பூஞ்சை நகரத் தொடங்கிய பிறகே, ஓட்ஸிலிருந்து தள்ளி, ஓரிரு கல் மட்டும் போடுங்கள். மஞ்சள் விளிம்பு உப்பை நெருங்கியதும் தயங்கி, வேறு பக்கம் கிளைவிடும். லென்ஸில் பார்த்தால் பூஞ்சையின் குழாய் போன்ற நரம்புக்குள் திரவம் முன்னே ஓடி, நின்று, பின்னே திரும்புவது தெரியும்.

மறுநாள் வீணான கிளைகள் சுருங்கி, தடித்த நரம்புகள் மிஞ்சும். ஊர்களை இணைக்கும் வழிக்கு அவைதான் விடை. படம் எடுத்துவிடுங்கள், விட்டால் தட்டில் வேறு பூஞ்சணம் பிடித்துவிடும்.