செட்டிநாட்டுப் பக்கம் காம்படிஷன் ஷூட்டிங்க்கு ரைஃபிள் வாங்கப்போறீங்களா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

காரைக்குடி தேவகோட்டை பக்கம் இப்ப பிள்ளைகள ஷூட்டிங்ல சேத்துவிடணும்னு நிறைய வீட்ல பேச்சு வருது, சந்தோசமான விஷயம். ஆனா மொத கேள்வியே வீடியோல வெளிநாட்டுக்காரன் சுடுற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் மாதிரி ஒண்ணு வாங்கலாமாண்ணேன்னுதான் வருது. அத மறந்துருங்க. நம்ம நாட்டு ஆர்ம்ஸ் சட்டத்துல பெரிய தோட்டா போடுற செமி ஆட்டோமேட்டிக் தடை பண்ணின வகைல வருது, சாதாரண ஆளுக்கு கிடைக்காது. அது போக ஒலிம்பிக்ல இருக்கற ரைஃபிள் போட்டிகள்ல ஒவ்வொரு குண்டையும் கையால போட்டுத்தான் சுடணும், தானா லோடு ஆகுற துப்பாக்கிக்கு அங்க வேலையே இல்ல. 2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்குனது, 2012ல லண்டன்ல சென்னைல பொறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்குனது, நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைல ஜெயிச்சது எல்லாமே 10 மீட்டர் ஏர் ரைஃபிள்லதான், அதாவது காத்தழுத்தத்துல சுடுற ரைஃபிள். ஆரம்பிக்கற பிள்ளைக்கும் அதுதான் வழி.

லைசென்ஸ் பயமும் இதுல கிடையாது. 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ் படி குழல் அளவு 4.5 மில்லிமீட்டருக்குள்ள, பவர் 20 ஜூலுக்குள்ள இருந்தா ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணாம். போட்டிக்குன்னே செஞ்ச மேட்ச் ரைஃபிள் சுமார் ஏழரை ஜூல்தான் வரும், பெல்லட்டுங்கற ஈயக் குண்டு அரை கிராம் சொச்சம், வேகம் செகண்டுக்கு 170 மீட்டர் பக்கம், அவ்வளவுதான். கடைக்காரர் நிறைய பவர்னு பெருமையா சொல்ற துப்பாக்கி காம்படிஷனுக்கு ஆகாதுங்கறத இதுலயே புரிஞ்சிக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் எது ரொம்ப துல்லியம்னு கேக்குறாங்க. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர், அன்ஷுட்ஸ் இதுல எந்த மேட்ச் ரைஃபிள எடுத்து வைஸ்ல இறுக்கி நல்ல பெல்லட் போட்டு சுட்டாலும் குண்டு கிட்டத்தட்ட ஒரே ஓட்டைலதான் போகும். டார்கெட்ல நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம், அத அடிக்கற திறமை அந்த குழல்ல ஏற்கனவே இருக்கு. பிள்ளை கைல வந்ததும் ஸ்கோர் குறையுதுன்னா ரைஃபிள் உடம்புல உக்காரலன்னு அர்த்தம், அதனால பிராண்டுக்கு முன்னாடி பொருத்தத்த பாருங்க.

எப்படி பாக்கறது? ஷூட்டிங் ஜாக்கெட் போட்டுக்கிட்டுத்தான் பாக்கணும், அது தடியா இருக்கறதால தோளுக்கும் ட்ரிகருக்கும் உள்ள தூரமே மாறிடும், சட்டையோட அளந்தா அளவு தப்பிடும். பிள்ளைய கண்ண மூடிக்கிட்டு ரைஃபிள தோள்ல வச்சு கன்னத்த சாய்க்க சொல்லுங்க, கழுத்த வளைக்காம தலை நேரா இருக்கணும், அப்பறம் கண்ண திறந்தா குறி பாக்க பின்னாடி இருக்கற சின்ன ஓட்டை (டயாப்டர்) வழியா குழல் முனைல இருக்கற முன் சைட் வளையம் நடுவுல வட்டமா தெரியணும். தலைய நகத்தி தேடுனா கன்னக்கட்டை உயரம் சரியில்ல, அத ஏத்தி இறக்கி பாருங்க, ஏத்தி இறக்கவே வழியில்லாத ரைஃபிள்னா வளர்ற பிள்ளைக்கு வேணாம். இதே மாதிரி தோள்ல பதியற பட் பிளேட் நீளம் உயரம் ரெண்டும் மாத்த முடியணும். அப்பறம் இடது கை. நின்னு சுடும்போது இடது முழங்கைய இடுப்பெலும்பு மேல ஊன்றி ரைஃபிள தாங்கணும், கை குட்டையான பிள்ளைக்கு ரைஃபிள் கண்ணு மட்டத்துக்கு வராம முதுக ரொம்ப வளைக்கும், அதுக்கு ஃபோர் எண்டுக்கு, அதாவது இடது கை தாங்கற முன்கட்டைக்கு, கீழ உயரம் கூட்டுற ரைசர் பிளாக் வேணும், ரூல்ல சொல்ற அளவுக்குள்ள (பாம் ரெஸ்ட் ஏர் ரைஃபிள் போட்டில கூடாது). இந்த ஒண்ண சரி பண்ணாம வருசக்கணக்கா முதுகு வலியோட சுடுற பிள்ளைகள பாக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். இடதுகை பிள்ளைன்னா இடதுகை மாடலே வாங்குங்க, பழகிக்கிடும்னு விட்றாதீங்க.

எடை சைட்டோட சேத்து 5.5 கிலோவுக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல் இருக்கு. அதுக்காக 5.5 கிலோ வாங்கணும்னு இல்ல. 60 குண்டு சுடணும், அதுக்கு முன்னாடி குறி சரி பண்ண சுடுற சைட்டிங் குண்டு வேற, சன்னமான பிள்ளைக்கு 4 கிலோ பக்கமே போதும், உடம்பு தேறத்தேற வெயிட்டு கட்டி சேத்துக்கலாம்.

காத்து விஷயத்துக்கு வருவோம், நம்ம ஊர்ல இதுதான் சிக்கல். இப்ப எல்லா மேட்ச் ரைஃபிளும் சிலிண்டர்ல முன்னாடியே காத்த அடைச்சு வச்சு சுடுற பிசிபி வகைதான், பொதுவா 200 பார் அழுத்தம் வரைக்கும் காத்து நிரப்பணும். பெரிய நகரத்துல கிளப்லயே நிரப்பிக் கொடுப்பாங்க, நம்ம பக்கம் எங்க நிரப்பறதுன்னு ரைஃபிள் வாங்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சிருங்க. இல்லன்னா கை பம்பு வாங்கணும், அதுல ஈரம் வடிகட்டற ஃபில்டர் இருக்கணும், ஐப்பசி கார்த்திகை மழைல காத்துல இருக்கற ஈரம் உள்ள போனா துரு பிடிக்கும். இன்னொண்ணு, வெல்டிங் கடைல ஆக்சிஜன் இருக்கே போட்டுத்தர்றேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, ஆக்சிஜனும் எண்ணெயும் அந்த பிரஷர்ல சேந்தா வெடிக்கும், உயிருக்கே ஆபத்து. சித்திரை வெயில்ல கார் டிக்கில சிலிண்டர வச்சுட்டு கோயிலுக்கு போறதும் கூடாது.

பழைய ஃபைன்வெர்க்பாவ் 603 மாதிரி ஒவ்வொரு குண்டுக்கும் லீவர இழுத்து காத்து ஏத்துற ரைஃபிள் செகண்ட் ஹேண்ட்ல வரும். சிலிண்டர் தொல்லை கிடையாது, துல்லியமும் குறைச்சல் இல்ல, ஆனா சின்னப் பிள்ளை 60 தடவ இழுத்தா கை நடுங்கும், நின்ன நிலையும் கலையும். பெரியவங்க பழகறதுக்கு நல்லது.

செகண்ட் ஹேண்ட் பிசிபி வாங்கறவங்க மொதல்ல சிலிண்டர்ல அடிச்சிருக்கற தேதிய பாருங்க, 10 வருசம் தாண்டினத மேட்ச்ல விடமாட்டாங்க, புது சிலிண்டர் விலைய சேத்து கணக்கு போட்டு பேரம் பேசுங்க. ராத்திரி முழுசா நிரப்பி வச்சு காலைல கேஜ பாருங்க, முள்ளு இறங்கியிருந்தா எங்கேயோ சீல் போயிருக்கு. அப்பறம் ஸ்டாண்ட்ல வச்சு 10 குண்டு ஒரே பேப்பர்ல சுட்டுக் காட்ட சொல்லுங்க, தயங்குறவர்ட்ட வாங்காதீங்க.

புதுசுன்னா ஜெர்மனி ரைஃபிள் லட்சக்கணக்குல போகும். பிரிசிஹோல் மாதிரி நம்ம நாட்டு கம்பெனி ரைஃபிள்ல ஆரம்பிக்கறதுல ஒரு குறையும் இல்ல, பிள்ளைக்கு நிலையா ஆர்வம் இருக்கான்னு தெரியற வரைக்கும் அதுவே போதும்ங்கறது என் அபிப்பிராயம். கைல இருக்கற பணத்த முழுசா ரைஃபிள்லயே கொட்டிராம ஜாக்கெட், பேண்ட், ஷூ, பெல்லட், கோச் ஃபீஸுக்கு பாதியாவது ஒதுக்குங்க. பெல்லட் தட்டைத் தலை வச்ச மேட்ச் வகையா இருக்கணும், 4.49, 4.50ன்னு தலை அளவு டப்பால போட்டிருக்கும், உங்க குழலுக்கு எது கூட்டமா விழுதுன்னு டெஸ்ட் பண்ணிட்டு அதே பேட்ச்ல மொத்தமா வாங்குங்க. ஈயம், அதனால சுட்டு முடிச்சதும் பிள்ளைகள சோப்பு போட்டு கை கழுவ வைங்க.

பழகறதுக்கு இடம் பத்தி நம்மளுக்கு கவலையே வேணாம். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு தெருவுக்குத் தெரு நீளமா கெடக்கற வீட்ல 10 மீட்டர் நேர்கோடு கிடைக்கறது பெரிய வரம், சென்னைல ஃபிளாட்ல இருக்கறவங்களுக்கு இந்த வசதி ஏது. டார்கெட் நடுப்புள்ளி தரைலருந்து 1.4 மீட்டர் உயரத்துல இருக்கட்டும், பின்னாடி குண்ட பிடிச்சு வைக்கற இரும்புப் பெட்டியும் (பெல்லட் ட்ராப்) அதுக்குப் பின்னாடி கெட்டிச் சுவரும் வேணும், டார்கெட் மேல தனியா வெளிச்சம் வேணும். சுடுற கோட்டுக்கு குறுக்க எந்த அறைக்கதவும் திறக்கக்கூடாது, ஆச்சி பாட்டுக்கு காபி டம்ளரோட வந்துருவாங்க, அதனால சுடுற நேரத்துல அந்தக் கதவுகளுக்கு நீங்க சுடுற பக்கத்துலருந்து தாழ் போட்டே ஆகணும். ஆத்தங்குடி கல்லு வழவழன்னு இருக்கும், கால் வைக்கற இடத்துல ரப்பர் மேட் போடுங்க. சுட்டு முடிச்சதும் ரைஃபிள காலியா இருக்குன்னு பாத்து அலமாரில பூட்டி சாவிய பெரியவங்க வச்சுக்கணும்.

வாங்கப்போகும்போது பிள்ளையையும் ஜாக்கெட்டையும் கூட்டிக்கிட்டு, முடிஞ்சா கோச்சையும் அழைச்சிக்கிட்டு போங்க. டீலர்ட்ட சீரியல் நம்பர் போட்ட பில்லு கண்டிப்பா வாங்குங்க. மேட்ச்சுக்கு பஸ்லயோ ரயில்லயோ போகும்போது ரைஃபிள் கேஸ்ல பூட்டி இருக்கணும், பில்லு ஜெராக்ஸும் ரைஃபிள் அசோசியேஷன் ஐடியும் கேஸுக்குள்ளயே இருந்தா வழில போலீஸ் கேட்டாலும் எடுத்து நீட்டிட்டு போயிட்டே இருக்கலாம்.