பிறப்புப் பத்திரத்திலிருந்து ஒரு கவிதை

இலங்கை மலையகத்துப் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் கவிதைகளில் வியர்வை தேயிலைக்கு உரமாகாமல் போனதே இல்லை. சரி, பொய்யில்லை. ஆனால் யாருடைய வியர்வை, எந்தத் தோட்டம், எந்த வருசம்?

முதலில் வீட்டு ட்ரங்குப் பெட்டியைத் திறங்கள். பழைய பிறப்புப் பத்திரம் கிடைத்தால் அதன் கட்டங்களையே வரிகளாக வையுங்கள். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், பிறந்த என் அம்மாயியைப் பற்றி நான் இப்படித் தொடங்கினேன்:

பிறந்த இடம்: பத்தாம் நம்பர் லயம்.
இனம்: இந்தியத் தமிழர்.
இந்தியா பார்த்ததுண்டா:
அப்படியொரு கட்டம் இதில் இல்லை.

அடுத்து, அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் நாட்டின் காகிதத்தை வையுங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது; மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்தியும் வைத்தது. இந்த எண்களை அப்படியே கொட்டினால் பாடப்புத்தகம் ஆகிவிடும். உங்கள் வீட்டில் யார் எந்த எண்ணுக்குள் போனார் என்று பாருங்கள். எங்கள் பெரியப்பா முதல் எண்ணில், அப்பா இரண்டாவதில். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

பெரியவர்களிடம் "கஷ்டப்பட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். "ஆமாய்யா, வேறென்ன" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதற்கு) எத்தனை மணிக்கு எழும்பினீங்க, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) யார் பார்த்துக்கொண்டது, கொழுந்து நிறுக்கையில் எத்தனை ராத்தல் (பவுண்டு) கழித்து வெட்டினாங்க என்று கேளுங்கள். ராத்தல் கணக்கைத் தொட்டால் அம்மாயிக்கு இன்றைக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தை அவர் பேச்சிலேயே எழுதுங்கள், செந்தமிழாக்க வேண்டாம்.

ஒப்பாரியையும் தாலாட்டையும் பதிவு செய்யுங்கள். அந்தப் பாட்டுகளில் கோப்பி (காப்பி) என்ற சொல் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 1869இல் தொடங்கிய இலை நோயில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறிவிட்டது. ஆகவே அந்த வரி, இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழி நடந்தவர்களின் காலத்தைத் தொடும். வழியில் செத்தவர்களில் பலருக்குப் பேர்கூட எங்கும் இல்லை. அங்கே நீங்களாக ஒரு பேரை நுழைக்காதீர்கள். வரியை வெற்றாக விட்டாலும் குற்றமில்லை.

எழுதி முடித்ததும் கதை சொன்னவருக்கே முதலில் வாசித்துக் காட்டுங்கள். பேரைப் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் பேரை எடுத்துவிடலாம். தோட்டத்தின் பேர் இருக்கட்டும்.